பாதியில் நிற்கும் ஈ

ஏழாவது குழாயிலும் ஈக்கள் நிற்கவில்லை.

அவள் குழாயை மறுபடியும் மேசைமேல் தட்டினாள். ஈக்கள் மொத்தமும் அடியில் விழுந்தன. விழுந்த வேகத்தில் சுவரைப் பிடித்துக் கிடுகிடுவென்று ஏறி, மேலே இருந்த பஞ்சு அடைப்பைத் தொட்டன.

நடுவில் ஒன்றுகூட நிற்கவில்லை.

பழ ஈ என்றால் அப்படித்தான். தட்டினால் விழும், விழுந்தால் ஏறும். அவளுடைய ஈக்கள் மட்டும் பாதியில் ஒரு நொடி நிற்கும். கதவைப் பூட்டினோமா என்று யோசிக்கிற ஆள் மாதிரி. அப்புறம் ஏறும். ஒரே ஒரு மரபணு மாறிப்போனதால்தான் நிற்கின்றன என்பது அவள் கட்சி.

அந்த ஒரு நொடியை நம்பி மூன்று வருஷம் ஓடிவிட்டது.

தீபாவளியன்றுகூட லேபுக்கு வந்து ஈக்களுக்குத் தீனி மாற்றியிருக்கிறாள். ஊரில் சித்தப்பா, எங்கள் வீட்டுப் பெண் மெட்ராஸில் ஈ ஓட்டுகிறாள் என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறார். அவருக்கென்ன, சிரிக்கலாம். லேபிலேயே நம்ப ஆளில்லை. சீனியர் மரியசெல்வி கண் வலிக்கப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒழுங்காகத்தான் ஏறுகிறது என்று சொல்லிவிட்டாள். வீடியோ எடுத்தும் பார்த்தாயிற்று. நிற்கிறதா, தயங்குகிறதா, கால் வழுக்கியதா என்று ஆளுக்கொரு பேச்சு.

கைடு ஞானதிரவியம் சார் சிரிக்கவில்லை. ஆசைப்பட்டுப் பார்த்தால் இல்லாததும் தெரியும் என்று மட்டும் சொன்னார்.

இப்படி மாறிப்போன ஈயை முதலில் கண்டவர்தான் அதற்குப் பெயர் வைக்க வேண்டும். ஈ ஆராய்ச்சிக்காரர்களிடையே அது வழக்கம். சார் வைக்க விடவில்லை. பிறக்காத பிள்ளைக்குப் பெயரா என்று கேட்டுவிட்டார். அதனால் அவளுடைய குழாய்களில் இன்றுவரை வெறும் எண்தான்.

இன்று காலை அவரே பன்னிரண்டு குழாய்களில் ஈக்களை அடைத்துக் கொண்டுவந்து வைத்தார். எதில் எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். உன் ஈக்களைப் பிரித்து வலப்பக்கம் வை, சரியாக இருந்தால் ஆய்வேடு எழுது, இல்லையென்றால் முதலிலிருந்து வேறு ஏதாவது பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

பாதிக்குப் பாதி இருக்கும் என்று மரியசெல்வி சொன்னாள். இவளும் அப்படித்தான் நினைத்தாள்.

எட்டு. இல்லை.

ஒன்பதில் ஒரு ஈ நின்றது.

அவள் சட்டென்று குனிந்து பார்த்தாள். அது முன்னங்கால்களைத் தேய்த்து, சாவகாசமாக முகம் துடைத்துக்கொண்டிருந்தது. வேறு நேரம் கிடைக்கவில்லை அதற்கு.

இதை வலப்பக்கம் எடுத்து வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது. அதிர்ஷ்டம் இருந்தால் சரியாகக்கூட இருக்கும். இன்னும் நாலைந்தைச் சேர்த்து வைத்தால் பாதியாவது தேறும். கதவருகே நின்ற மரியசெல்வி, ஏதாவது எடுத்து வையேன் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

மறுபடி தட்டினாள்.

அந்த ஈயும் மற்றவற்றோடு ஒரே ஓட்டமாக ஏறிப்போயிற்று.

ஒன்பதை இடப்பக்கமே வைத்தாள்.

பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

வலப்பக்கம் காலியாக இருந்தது.

அழுகை வந்தது. ஆனால் பார்த்ததில் சந்தேகம் வரவில்லை. பள்ளிக்கூட வாசலில் நிற்கிற அம்மாவுக்கு, வெளியே வருவது தன் பிள்ளையா இல்லையா என்று தெரிய எவ்வளவு நேரம் ஆகும்?

"சார், இதுல என்னோடது ஒண்ணுகூட இல்ல."

ஞானதிரவியம் சார் காலியாகக் கிடந்த வலப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"மூணு வருஷம்மா," என்றார்.

"மூணு வருஷமாப் பார்த்ததாலதான் சார் சொல்றேன்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. அவரிடம் அப்படிப் பேசியவர்கள் அந்த லேபில் இல்லை. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. பயமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது.

சார் எழுந்து உள்ளறைக்குப் போனார்.

வரும்போது கையில் இன்னொரு தட்டு நிறையக் குழாய்கள். மேசைமேல் வைத்துவிட்டு, முதலில் கொடுத்தது அத்தனையும் சாதாரண ஈக்கள், வேண்டுமென்றேதான் கொடுத்தேன் என்றார். அவளுடையவை இதில்தான் கலந்திருக்கின்றனவாம். மரியசெல்வி வாய்க்குள் ஏதோ திட்டினாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"பேரை எழுது."

பெயர் எப்போதோ தயார். யாரும் இல்லாதபோது அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவற்றோடு பேசிக்கொண்டிருந்தாள்.

பேனாவை எடுத்தாள். மூடியைத் திறக்கவில்லை. கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"பார்த்துட்டு எழுதறேன் சார்."

சார் மரியசெல்வியைத் திரும்பிப் பார்த்தார். கேட்டாயா என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. பிறகு கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு, அவள் பக்கத்தில் வந்து குழாயின் உயரத்துக்குக் குனிந்தார்.

அவள் தட்டினாள்.

ஈக்கள் விழுந்தன. ஏறத் தொடங்கின.

பாதி உயரம் வந்தன.