மயிரிழை

துடைத்த ஈரம் காயாத சாப்பாட்டு மேசைமேல் அவள் சீட்டுக்கட்டை விசிறியாக விரிக்கிறாள். அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷின் ஓட்டுகிறவள். எல்லாச் சீட்டையும் ஒரு முனையில் மட்டும் மயிரிழை குறுகலாக அதே மெஷினில் சீவி வைத்திருக்கிறாள். "விரல் போனா வருமா அண்ணி?" என்று மாதக்கணக்காக அரித்தெடுக்கும் கொழுந்தன் இந்தச் சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அவள் வேலையை விட வேண்டும். அதுதான் பந்தயம். அவன் ஒரு சீட்டை உருவி நெஞ்சோடு ஒட்டிப் பார்க்கும்போது அவள் கையிலிருக்கும் கட்டை முனை மாற்றித் திருப்பிவிடுகிறாள்; இனி உள்ளே செருகினால் அந்தச் சீட்டின் அகல முனை மட்டும் துருத்தி நிற்கும். அவனும் லேசுப்பட்டவன் இல்லை, சீட்டைத் தலைகீழாக்கிச் செருக வருகிறான். "வெளிச்சத்துக்கு வாங்க தம்பி" என்று விளக்குப் பக்கம் நகர்கிற சாக்கில் அவள் கட்டை மறுபடி திருப்பிக்கொள்கிறாள். அவன் சீட்டைச் செருகி, ஆசைதீரக் கலைத்துத் தருகிறான். ஜன்னலைப் பார்த்தபடியே அவள் இரண்டு விரலால் ஓரத்தைத் தடவி, அவன் உருவிய டைமன் ஒன்பதை மேசையில் போடுகிறாள். பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும் கணவன் டம்ளருக்குள் சிரிக்கிறான். கொழுந்தன் அவள் முழங்கை வரை பார்க்கிறான், ஒவ்வொரு சீட்டாக விளக்கில் பிடிக்கிறான், முகர்ந்துகூடப் பார்க்கிறான். கடைசியில் கட்டை மேசையில் தட்டி அடுக்குகிறான். அவன் கட்டைவிரல் அந்தச் சீவிய ஓரத்தின் மேலேயே சாவகாசமாகப் போய்வருகிறது. "சரி, தோத்துட்டேன். விரலை மட்டும் பாத்துக்குங்க அண்ணி." அவள் இரண்டு கைகளையும் அவன் முன்னால் விரித்து வைக்கிறாள்.

"எண்ணிப் பாருங்க."