பட்டினி போட்ட பிள்ளை

"பொறந்ததுலேர்ந்து பட்டினிதானுங்க சார். வாயையே தொறக்கல, வளர்ச்சியும் அப்படியே நின்னுபோச்சு!"

மாடியில் குடியிருக்கும் ராதிகா போனில் சந்தோஷமாகச் சொன்னதைக் கேட்டு, கீழே பொன்னம்மாளுக்குப் பகீரென்றது. சோளக்காடு ஊர்ச் சந்தைக்குக் கட்டிய மிளகு மூட்டையை அப்படியே போட்டுவிட்டு, ஒரு சொம்பு சாமைக் கஞ்சியோடு படியேறிக் கதவைத் தள்ளினாள்.

"எங்க ஒளிச்சு வெச்சிருக்கற? பச்சப் புள்ளயப் பட்டினி போட எப்படித்தான் மனசு வந்துச்சு உனக்கு?"

ராதிகா திகைத்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவளைத் தன் ஆராய்ச்சி மேஜையிலிருந்த மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள்.

"இதுதாங்கக்கா அந்தப் புள்ள. உங்க தோட்டத்துல அழுகிக் கெடந்த பலாப்பழத்துல எடுத்த உருளைப்புழுவோட குஞ்சு."

நூல் மாதிரி ஒன்று அசையாமல் கிடந்தது.

"செத்துல்ல போச்சு!"

"இல்லீங்கக்கா. சோறு கெடைக்காதுன்னு தெரிஞ்சதும், வளர்றதுக்கான ஜீனையெல்லாம் அடக்கி வெச்சுட்டு, தாக்குப்புடிக்கற ஜீனை முடுக்கி விட்டிருக்குது. வாயையும் அடைச்சுக்கிச்சு. சோறு கண்டா மறுபடி வளர ஆரம்பிக்கும்."

"அப்ப போடு, இப்பவே போடு!"

ராதிகா அதன் உணவான பாக்டீரியாக் கரைசலில் ஒரு துளியை அதன்மேல் விட்டாள்.

சோளக்காட்டு பஸ் வாசலில் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. கஞ்சி ஆறிப்போனது. பொன்னம்மாள் கண்ணை எடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து, அந்த நூலின் தொண்டை மெல்லத் துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது.

பொன்னம்மாள் இன்னும் குனிந்தாள். தன் மூச்சுக்காற்று பட்டுவிடுமோ என்று பயந்தவளாய்க் கிசுகிசுத்தாள்:

"சாப்புடு சாமி... மெதுவா சாப்புடு."