ஷூட்டிங் எடுத்த இடம்

லீவுக்கு மெட்ராஸ் போகும் ஒரு குடும்பத்தைப் பற்றிய சிரிப்புப் படத்தைக் காரிமங்கலம் டூரிங் டாக்கீசில் மூன்றாம் முறையாகப் பார்த்த ராஜமேரி, நேரே ஆபரேட்டரிடம் போனாள்.

"கடைசியில வர்ற வீதி மெட்ராசுல எங்கிருக்குதுங்க?"

"கதைதாம்மா மெட்ராசு. போன வருசம் பெங்களூரு சிவாஜி நகர்ல எடுத்தாங்க. கடைப் பலகையெல்லாம் கன்னடம் பாருங்க."

மறுநாள் பஸ்ஸுக்குக் கிளம்பியவளை நாத்தனார் மிக்கேலம்மாள் வழிமறித்தாள்.

"வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு, ஷூட்டிங் எடுத்த இடம் பாக்கப் போறீங்களா அண்ணி? ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். அந்த வீதியில, ஹீரோவுக்குப் பின்னால, பூக்கடையில ஒருத்தர் நின்னு மாலை கட்டறாரு. நாலு வருசம் முன்ன ஒகேனக்கல் வெள்ளத்துல போயிட்டாருன்னு நாம பூசை வெச்சோமே, உங்கண்ணன், அவரேதான். வூட்டைப் பூட்டிட்டு நீயும் வா!"