வாசல் விளக்கு

மருத்துவ ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்கள் வீட்டு வாசலில் எல்லாம் இப்போது ஒரு விளக்கு உண்டு. ஆய்வகத்து ரத்தம், சளி எது உடம்பில் ஒரு துளி ஒட்டியிருந்தாலும் அந்த வெளிச்சத்தில் நீலமாகத் தெரியும். செண்பகம் வீட்டில் அன்று காலைதான் மாட்டினார்கள்.

அவளுக்குக் கவலையே இல்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கையுறை போடவும் கழற்றவும் சொல்லித்தருகிறவளே அவள்தான்.

மாலையில், தெருமுனைவரை ஓடிவந்து வழக்கம்போல் இரண்டு கண்ணிலும் முத்தம் கொடுத்த மகள் தாமிராவைத் தூக்கிக்கொண்டு வாசலேறினாள்.

"என்ன செண்பகம், கண்ணு ரெண்டும் நீலமா இருக்கு?" என்றான் கணவன்.

"எனக்கா? கிளவுஸ் இல்லாம நான் எதையும் தொடமாட்டேனே..." என்றவள் பாதியில் நிறுத்தினாள்.

கடைக்காரர்கள் போணிக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல, காலையில் வரும் முதல் ரத்த ட்யூபைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் அவள் வேலையைத் தொடங்குவாள். யாரோ என்னவோ, நல்லபடியாக இருக்கட்டும் என்று ஒரு வேண்டுதல். கையுறை போட்ட கைதானே என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

"அம்மா கண்ணு நீலம்! அம்மா கண்ணு நீலம்!" என்று இடுப்பிலிருந்தபடியே கைகொட்டிச் சிரித்தாள் தாமிரா.

சிரித்த அந்தச் சின்ன உதடுகளும் நீலமாக இருந்தன.