மாப்பிள்ளையின் வயிற்றுச் சூடு

உடம்பின் உள்சூட்டை அளக்கும் அந்தக் கருவி மாமனார் செய்தது. அதற்கு வயிற்றைக் காட்டிப் படுப்பது, அவரிடமே வேலை பார்க்கும் மாப்பிள்ளை. இந்த வேலையே வேண்டாம் என்று சொல்லத்தான் இன்று வந்தார். வெளி ரேடியோ அலை நுழையாதபடி தகடு அடித்த, ஜன்னலில்லாத அறையில் கருவியின் ஆன்டெனாவை வயிற்றில் சுமந்து மல்லாந்து கிடக்கிறார். "மாமா, ஒரு விஷயம்..." "அசையாதீங்க மாப்ளே, அளவு கெட்டுடும்!" மாமனார், கருவியைப் பார்க்க வந்திருக்கும் விருந்தாளியிடம் திரும்புகிறார். "ஊசி இல்ல, வலி இல்ல. உடம்பு தானா விடுற மைக்ரோவேவை வச்சே உள்சூட்டைச் சொல்லிடும்." குழல்விளக்கில் அவர் வழுக்கை மின்னுகிறது. எங்கோ ஒரு மின்விசிறி முனகுகிறது. திரையில் எண் ஏறிக்கொண்டே போகிறது. "வயிறு இப்படிக் கொதிக்குதே சார்?" என்கிறார் விருந்தாளி. "எங்க மாப்பிள்ளைக்கு வயித்தெரிச்சலா? சேச்சே, மெஷின்லதான் ஏதோ கோளாறு!" சிரித்தபடியே மாமனார் குமிழைத் திருகுகிறார். எண் மரியாதையாகக் கீழே இறங்குகிறது. வேலையை விட வந்த மாப்பிள்ளை, வயிற்றிலிருந்து சரிந்த ஆன்டெனாவை நேராக்கிக்கொள்கிறார்.