கெர்னல்ல கோளாறு

"உங்க லினக்ஸும் நீங்களும்! பிரிண்டர் செத்துப்போச்சு. நாளைக்கு நாற்பது பிள்ளைங்களுக்குக் கணக்குப் பரீட்சை. கேள்வித்தாளை நான் கையாலயா எழுதிக்கிட்டு உக்காந்திருப்பேன்?"

வாசற்படியில நின்னு கத்தினா என் மனைவி. நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணி.

கம்பெனியை இழுத்து மூடி அஞ்சு மாசம் ஆச்சு. மூணு இன்டர்வியூ போனேன். மூணுலயும் "அப்புறம் சொல்லி அனுப்புறோம்"னு சொன்னாங்க. இன்னும் சொல்லி அனுப்பல. நாலாவது, நாளைக்குக் காலையில பத்து மணிக்கு. போகப்போறதில்லைன்னு சாப்பிடறப்பதான் அவகிட்ட சொல்லியிருந்தேன்.

"எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அங்க போய் இன்னொரு தடவை மூக்கறுபடணுமா?"

அதைக் கேட்டுட்டு அவ தட்டை எடுத்துக்கிட்டு எழுந்து போயிட்டா. இப்போ வந்து பிரிண்டர்ங்கறா. கட்டின புருஷன் இடிஞ்சுபோய்க் கிடக்கறான், இவளுக்குப் பிரிண்டர் பெரிசாப் போச்சு!

"கடையில எடுத்துக்கோயேன்."

"ஞாயித்துக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கு? பேசாம இந்தப் பென்குயின் படம் போட்ட லினக்ஸை மொத்தமா அழிச்சுட்டு, ஊரே வச்சிருக்கறதை நானும் போட்டுக்கறேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து போட்டுத் தரேன்னாரு."

போர்வை பறந்துச்சு.

கம்ப்யூட்டரை இயக்குற இந்த லினக்ஸ் மேல எனக்குப் பைத்தியம்; என் லட்சணத்தைக் கொஞ்சம் சொல்லிடறேன். என் கம்ப்யூட்டர்ல கட்டளை அடிக்கிற கருப்புத் திரையைத் திறந்தா, எழுத்தாலயே வரைஞ்ச ஒரு மாடு வந்து அன்னிக்கு ஒரு பொன்மொழி சொல்லும். கட்டளையைத் தப்பா அடிச்சா, திரைக்குக் குறுக்கே ரயில் ஓடும். டிவியை லினக்ஸுக்கு மாத்தறேன்னு பிரிச்சதுல, இப்போ எழுந்து போய்த்தான் சேனல் மாத்தறோம். "மாடு மேய்ச்சாச்சா? சாப்பிட வரலாமா?"ன்னு அவ தினம் கிண்டல் பண்ணுவா. இந்த அஞ்சு மாசமா மாட்டை நான் எழுப்பவே இல்ல. அவளும் கிண்டல் பண்றதை விட்டுட்டா.

நான் லினக்ஸ் போட்டுக் குடுத்த அவ லேப்டாப்பை மடியில வாங்கிக்கிட்டேன்.

விவரம் தெரிஞ்சவன் என்ன பண்ணுவான்? முதல்ல வயர் சொருகியிருக்கான்னு பார்ப்பான். அப்புறம் பிரிண்டர் சர்வீஸ், அதாவது பிரிண்டருக்காகப் பின்னால ஓடிக்கிட்டிருக்கற குட்டி புரோகிராம், ஓடுதான்னு பார்ப்பான். நான்தான் மேதாவியாச்சே! பிரிண்டரைக் கம்ப்யூட்டரோட பேச வைக்கிற டிரைவர் புரோகிராமைக் கழட்டி மாட்டினேன். அது சரிவரலன்னு இன்னொரு டிரைவரை நானே கட்டினேன். கடைசியில கெர்னல் மேலயே சந்தேகம் வந்து, சிஸ்டத்தோட அடிமடியிலயே கை வச்சு அதையும் மாத்தினேன். அதுல வைஃபை போச்சு. வைஃபையை மீட்டேன், ஸ்பீக்கர் ஊமையாப் போச்சு.

"முடியுமா, முடியாதா? பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிட்டுத்தான் பாரேன்! இதைத் தொடறதுக்கு இந்தத் தெருவுலயே என்னை விட்டா ஆள் கிடையாது!"

சொன்னது நான்தான். எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.

ஆறு மணி சுமாருக்கு, வேற எதையோ தேடறப்ப கண்ணுல பட்டுச்சு. பிரிண்டர் சர்வீஸ் முடங்கிக் கிடந்துச்சு. ஒரே ஒரு வரி அடிச்சேன். பிரிண்டர் கனைச்சுக்கிட்டுக் கேள்வித்தாளைத் துப்ப ஆரம்பிச்சிடுச்சு.

ஒத்தை வரிக்கு மூணு மணி நேரம்! வெளியில தெரிஞ்சா மானம் கப்பலேறிடும்.

"என்னவாம்?"னு ஓடி வந்தா.

"கெர்னல்ல பெரிய கோளாறும்மா. லட்சத்துல ஒருத்தனுக்குத்தான் பிடிபடும்."

"அடேயப்பா!" கன்னத்துல கை வச்சுக்கிட்டா. "நீங்க மட்டும் இல்லேன்னா, நாளைக்குப் பிள்ளைங்க முன்னாடி திருதிருன்னு முழிச்சிருப்பேன்."

நான் ஒரு சுத்துப் பெருத்துட்டேன்.

"நாளைக்கு அந்த இன்டர்வியூவுக்குப் போய்த்தான் பார்க்கறேனே. இதுக்கு மேலயா கேட்டுடப்போறாங்க?"

"உங்க இஷ்டம்ங்க"ன்னுட்டு, கேள்வித்தாளை அடுக்கி எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டா. எப்படி சந்தோஷப்படுவான்னு பார்த்தா, இவ்வளவுதானா? கொஞ்சம் சப்புன்னு போச்சு.

வெள்ளைச் சட்டையைத் தேடிப் பிடிச்சு இஸ்திரி போட்டு ஆணியில மாட்டி வச்சேன். அப்புறம், இந்த வீரப்பிரதாபத்தை எங்க லினக்ஸ் கூட்டத்துக்கு எழுதாம விட்டா எப்படின்னு மறுபடி அவ லேப்டாப்பைத் திறந்தேன். நாம அடிக்கிற ஒவ்வொரு கட்டளையையும் அது நேரத்தோட குறிச்சு வச்சிருக்கும். நகல் எடுக்கலாம்னு மேல தள்ளிக்கிட்டே போனேன். டிரைவர், கெர்னல், வைஃபைன்னு என் கூத்து அத்தனையும் வரிசையா வந்துச்சு. நான் அடிச்ச முதல் வரியும் வந்துச்சு.

அதுக்கு மேலயும் மூணு வரி இருந்துச்சு. நேரம் ரெண்டே முக்கால். அப்போ நான் போர்வைக்குள்ள இருந்தேன். வீட்டுல அவளைத் தவிர வேற யாரும் இல்ல.

முதல் வரி, பிரிண்டர் சர்வீஸை முடக்கு. ரெண்டாவது, திரும்ப ஓட்டு. மூணாவது, மறுபடி முடக்கு.

திரும்ப ஓடுதான்னு ஒரு தடவை சோதிச்சுப் பார்த்துட்டு, அப்புறம்தான் நிறுத்திட்டு வந்து கத்தியிருக்கா.

கெர்னல்ல கோளாறுன்னு அவகிட்டயே நான் அளந்துவிட்டப்ப, ஒரு பொட்டுச் சிரிப்பு வெளிய வரணுமே? கல்லு மாதிரி நின்னு கேட்டாளே, மகராசி!