பன்னெண்டரை வோல்ட்

வண்டியூர்த் தெருவில் வெயில் ஏறுகிறது. பானெட்டைத் திறந்த பழைய காருக்குள் தலையை விட்டபடி நிற்கிறார் சிவனாண்டி. ராத்திரியெல்லாம் வீட்டுச் சார்ஜரில் கிடந்த பேட்டரி இப்போதுதான் தன் இடத்துக்குத் திரும்பியிருக்கிறது. பேரையூரில் மச்சினன் மகளுக்குக் காதுகுத்து. சொந்தக் காரில்தான் போய் இறங்க வேண்டும். ஏனென்றால் எதிரே, அழைத்துப்போக வந்திருக்கும் சகலை ராம்கியின் புதுக் கார், சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல், மெல்ல உறுமிக்கொண்டு நிற்கிறது. சீர்த்தட்டோடு வாசலில் நிற்கும் மனைவி சுபலட்சுமி அதைக் கண் எடுக்காமல் பார்க்கிறாள். தன்னை அவள் அப்படிப் பார்த்து எத்தனை வருசம் ஆயிற்று என்று சிவனாண்டிக்கு வயிறு எரிகிறது. வோல்ட் பார்க்கும் மீட்டரின் ஊசிகளைப் பேட்டரியின் இரு முனையிலும் வைக்கிறார். “பன்னெண்டரை வோல்ட்! செத்த பேட்டரிக்கு உசுரு குடுத்துருக்கேன் சகல!” என்று தெருவுக்கே அறிவிக்கிறார். “எனக்குச் சாவியத் திருகத்தாண்ணே தெரியும்” என்கிறான் ராம்கி. சிவனாண்டியும் உட்கார்ந்து திருகுகிறார். டிக். மறுபடியும் டிக். டாஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைகின்றன. மீட்டருக்குக் காட்ட வோல்ட் இருக்கிறது, எஞ்சினை இழுக்கத்தான் திராணி இல்லை. “வயர் போட்டு என் வண்டில இருந்து கரண்டு எடுப்போமாண்ணே?” “உங்க கரண்டு ஒண்ணும் வேணாம்!” “அப்ப அந்த மீட்டர்ல ஏறி வாங்க, நான் போறேன்” என்று சுபலட்சுமி புதுக் காரில் ஏறிவிடுகிறாள். பின்கதவு திறந்தே இருக்கிறது. ஏசிக் குளிர் தெருவரை வருகிறது. சிவனாண்டி கையைத் துடைத்துக்கொண்டு ஏறி, மெத்தென்ற இருக்கையை ஒருமுறை தடவுகிறார். “இம்புட்டு நல்ல வண்டில கம்பெனிக்காரன் மட்டமான பேட்டரியத்தான் போட்டிருப்பான். ஆறே மாசம், பாருங்க” என்று சகலையை மனதார வாழ்த்துகிறார்.